வயதான கிரேஹவுண்ட்: நோய், காயம், பிரிவு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேஹவுண்டுக்கு வயதாகத் தொடங்கியதும் அதை வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். மற்ற நாய்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பல இந்த இனத்துக்கு அப்படியே பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதைத்தான் இந்தப் பக்கம் அதிகம் பேசுகிறது. மருந்தளவுகள் கொடுக்கப்பட்டிருப்பது மருத்துவரிடம் விவரமாகப் பேசுவதற்காக. நீங்களாகவே கொடுத்துப் பார்ப்பதற்காக அல்ல.

எங்க நாய்க்கு எட்டு வயசு ஆகுது. இப்பவே கிழநாய்னு எடுத்துக்கணுமா?

ஆமாம். பெரும்பாலான கிரேஹவுண்டுகள் 10 முதல் 13 வயது வரை வாழ்கின்றன. 7 அல்லது 8 வயதிலேயே முதுமை தொடங்கிவிடுகிறது. முகம் நரைத்திருப்பதை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். நாலைந்து வயதிலேயே வெளுத்துவிடும் முகங்கள் இந்த இனத்தில் உண்டு. படுக்கையிலிருந்து எழ எவ்வளவு நேரம் எடுக்கிறது, தொடையிலும் முதுகெலும்பின் இருபுறமும் தசை வற்றுகிறதா என்பவைதான் சரியான அடையாளங்கள்.

இந்த வயதில் செய்யவேண்டிய முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. நாய் நன்றாக இருக்கும்போதே ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் பரிசோதித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூடவே எடை, தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு (30-க்குள் இருக்க வேண்டும்), பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த அரை நிமிட நடை வீடியோ. கிரேஹவுண்ட் வலியை வெளியே காட்டாமல் தாங்கிக்கொள்ளும் நாய். அதன் உடல் எண்களும் மற்ற நாய்களோடு ஒத்துப்போகாது. பின்னால் ஏதாவது கோளாறு வரும்போது, அதை ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த நாய் நேற்றைய அதே நாய்தான்.

விலா எலும்பு தெரியுதே, சாப்பாட்டைக் கூட்டலாமா?

கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிவது இந்த இனத்துக்கு ஆரோக்கியமான தோற்றம். வீட்டுக்கு வருகிறவர்கள் பரிதாபப்படுகிறார்கள் என்பதற்காகக் கொழுக்க வைத்தால், தேய்ந்த மூட்டுகள்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கும்.

மாதம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். 30 கிலோ நாய் காரணமில்லாமல் ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். பல், சிறுநீரகம், புற்றுநோய் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பல் நோய் இந்த இனத்தில் மிகவும் சகஜம். ஒரு பக்கமாக மெல்வது, உணவைக் கீழே நழுவவிடுவது, வாய் நாற்றம் எல்லாம் வயதின் குணம் அல்ல. சிறுநீரகக் கோளாறு உறுதியாகாத வரை, வயதாகிவிட்டது என்று சொல்லிப் புரதத்தைக் குறைக்காதீர்கள். தசை இன்னும் வேகமாக வற்றும்.

ரத்த ரிப்போர்ட்ல பாதி எண்ணுக்குப் பக்கத்துல குறி போட்டு வந்திருக்கு. பயப்படணுமா?

முதலில் ரிப்போர்ட்டில் உள்ள இயல்பு வரம்பு எந்த நாய்க்கானது என்று பாருங்கள். சாதாரண நாய்களின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 37 முதல் 55 சதவீதம். கிரேஹவுண்டுக்கு 50 முதல் 65 வரை இருக்கும். தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் இதற்கு இயல்பாக இருக்கலாம். வெள்ளணுக்களும் குறைவு. தசை அதிகம் என்பதால், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியாட்டினின் கொஞ்சம் உயரம். தைராய்டு ஹார்மோனான டி4 பெரும்பாலும் வரம்பின் அடியில், சில சமயம் அதற்கும் கீழே.

இதில் இரண்டு வகைத் தவறு நடக்கிறது. டி4 குறைவு என்று நல்ல நாய்க்கு ஆயுள் முழுக்கத் தைராய்டு மாத்திரை கொடுப்பது ஒன்று. டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவும் நோயின் அறிகுறிகளும் சேர்ந்து வராமல் அந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது. இன்னொன்று இதைவிட ஆபத்தானது. சிவப்பணு 40 சதவீதம் என்று வரும். வரம்புக்குள் இருப்பதால் குறியே இருக்காது. ஆனால் வழக்கமாக 58 இருந்த கிரேஹவுண்டுக்கு அது ரத்தசோகை. எங்கோ ரத்தம் கசிகிறது, அல்லது ஏதோ நோய் உள்ளே இருக்கிறது. பழைய எண்ணை எழுதி வைத்திருந்தால்தான் இது கண்ணில் படும்.

ரத்த அழுத்தம் மருத்துவமனை பயத்திலேயே ஏறிவிடும். பத்து நிமிடம் அமைதியாகப் படுக்கவிட்டு, ஐந்தாறு முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

எழுந்திருக்கவே கஷ்டப்படுது. வீட்ல என்னென்ன மாத்தணும்?

தரையிலிருந்து தொடங்குங்கள். படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம், அங்கிருந்து வாசல் வரை ரப்பர் அடிப்பாகம் உள்ள விரிப்பை இடைவெளி விடாமல் போடுங்கள். ஒரு முறை வழுக்கி விழுந்த நாய் அந்த இடத்தைக் கடக்க மறுக்கும். கால் வலி என்று நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் அது பயம். நகம் நீண்டிருந்தாலும் வழுக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். படுக்கைக்குக் குறைந்தது 10 செ.மீ. கனமுள்ள நுரைமெத்தை வேண்டும். முழங்காலை ஊன்றி அழுத்தினால் தரை தட்டுப்படக் கூடாது. உடலில் கொழுப்பே இல்லாத நாய் என்பதால், குளிரும் நேரத்தில் போர்வையோ உடுப்போ வசதிக்காக அல்ல, தேவைக்காக.

ஒரே நீண்ட நடைக்குப் பதில் 10, 15 நிமிடமாக மூன்று நான்கு முறை நடத்துங்கள். தூக்க நேர்ந்தால் ஒரு கையை மார்புக்கு முன்னாலும், இன்னொரு கையைப் பின்தொடைகளுக்குப் பின்னாலும் கொடுத்து அணைத்துத் தூக்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் கை கொடுத்தால் முதுகு வளைந்து வலிக்கும்.

பந்தயத்தில் ஓடிய நாய் என்றால் வலது பின்னங்காலின் கணுக்கால் மூட்டைத் தனியாகக் காட்டுங்கள். இடப்பக்கமாகவே வளைந்து ஓடும் பாதையில் அந்த மூட்டின் நடு எலும்புதான் அதிகம் முறியும். இளமையில் ஆறிய முறிவு முதுமையில் மூட்டுத் தேய்மானமாகத் திரும்பி வரும்.

வலிக்கு நாம போடுற மாத்திரையையே கொஞ்சமா குடுக்கலாமா?

கூடாது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்களுக்கு வழக்கமாகத் தரப்படுவது மெலாக்சிகாம் போன்றவை: முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாளிலிருந்து 0.1 மி.கி., உணவோடு. 30 கிலோ நாய்க்கு முதல் நாள் 6, பிறகு 3 மி.கி. தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை வேண்டும். வாந்தி, கறுத்த மலம், சாப்பிட மறுப்பது என்று எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வழக்கமாக 5 முதல் 7 நாள் இடைவெளி விடுவார்கள்.

நரம்பு வலிக்குக் காபாபென்டின் சேர்ப்பார்கள். முதல் சில நாள் தள்ளாடும், பிறகு பழகிவிடும். திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மனிதர்களுக்கான திரவ வடிவத்தை வாங்கிவிடாதீர்கள்: அதில் சைலிடால் என்ற இனிப்புப் பொருள் இருக்கலாம், அது நாய்களுக்கு விஷம். டிரமடால் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள். நாய்களின் மூட்டுவலிக்கு அது பெரிதாக உதவுவதில்லை என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

லேசா நொண்டுது. ரெண்டு நாள் பார்த்துட்டுப் போகலாமா?

வேறு இனத்து இளம் நாய் என்றால் பார்க்கலாம். ஏழு வயது தாண்டிய கிரேஹவுண்டில், காரணம் கண்ணுக்குத் தெரியாத நொண்டலை எலும்புப் புற்றுநோய் இல்லை என்று நிரூபிக்கும் வரை விடக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாதத்தைப் பாருங்கள்: முள், உடைந்த நகம், விரலிடுக்கில் வெட்டு. பிறகு எலும்பு வழியே மெதுவாக அழுத்திக்கொண்டே மேலே போங்கள். முன்னங்காலில் முழங்கைக்குத் தூரமாக, அதாவது மணிக்கட்டுக்கு மேலேயும் தோள்மூட்டுக்குக் கீழேயும்தான் இந்தப் புற்று அதிகம் வரும். பின்னங்காலில் முழங்காலை ஒட்டி வரும். கிரேஹவுண்டில் தொடையெலும்பின் மேல்முனையிலும் வரும். வலி மாத்திரை கொடுத்ததும் நான்கு நாள் நன்றாக நடந்து, பிறகு மறுபடி நொண்டுவது மிகவும் ஏமாற்றக்கூடிய போக்கு. எக்ஸ்ரே எடுக்கும்போது மூட்டை மட்டும் எடுக்காமல், எலும்பு முழுவதையும் இரண்டு கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். முடிவு தெரியும் வரை ஓட்டம், படி, குதிப்பு எதுவும் வேண்டாம். அரிக்கப்பட்ட எலும்பு சாதாரணமாகத் திரும்பும்போதே முறிந்துவிடும்.

கல்தரையில நொண்டுது, ஆனா புல்லுல நல்லா நடக்குது. இது என்ன?

பெரும்பாலும் கால் ஆணி. மற்ற இனங்களில் அரிது, கிரேஹவுண்டில் சர்வசாதாரணம். பாதத்தின் விரல் மெத்தையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாக, வெளிறி, சுற்றியுள்ள தோலைவிடக் கெட்டியாக ஒரு வில்லை தெரியும். முன்னங்காலின் நடு இரண்டு விரல்களில் அதிகம் இருக்கும்.

மருத்துவர் அதைத் தோண்டி எடுத்தால் அன்றே நடை மாறும்; சில வாரங்களில் மறுபடி வளரும், மறுபடி எடுக்க வேண்டும். இடையில் மெத்தென்ற அடிப்பாகமுள்ள காலணியை வெளியே போகும்போது மட்டும் மாட்டுங்கள். மனிதர்களுக்கான ஆணி பிளாஸ்டர் வேண்டாம், நக்கி விழுங்கும். ஆணியை மட்டும் அறுத்தெடுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. விரலை மடக்கும் தசைநாணை வெட்டி அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை இப்போது பலருக்கு நல்ல பலன் தருகிறது. ஆணி கண்டுபிடித்தாயிற்று என்று மேலே சொன்ன எக்ஸ்ரேயைக் கைவிடாதீர்கள். ஒரே காலில் இரண்டும் இருக்க முடியும்.

எலும்புப் புற்றுநோய்னு சொல்லிட்டாங்க. காலை எடுக்கணுமாம். இந்த வயசுல அது நியாயமா?

கண்டுபிடிக்கும் நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு நாய்களுக்கு மேல், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் பரவியிருக்கும். அதனால் காலை எடுப்பது நோயைத் தீர்ப்பதற்கு அல்ல, வலியைத் தீர்ப்பதற்கு. அறுவை மட்டும் என்றால் பாதி நாய்கள் நாலைந்து மாதம் தாண்டும். அதோடு கார்போபிளாட்டின் கீமோவை மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாலு முதல் ஆறு தடவை கொடுத்தால் பத்து, பன்னிரண்டு மாதம் வரை போகலாம். கீமோவுக்கு இடையே வெள்ளணுக்களை எண்ணும்போது, இந்த இனத்தின் எண்ணிக்கை இயல்பிலேயே குறைவு என்று ரத்தக் கேள்வியில் சொன்னதை நினைவூட்டுங்கள். இல்லையென்றால் தேவையில்லாமல் தள்ளிப்போடுவார்கள்.

வயது தடையல்ல. மற்ற மூன்று கால்களும் முதுகும் எப்படி இருக்கின்றன என்பதுதான் கேள்வி. அவை நன்றாக இருந்தால் மூன்று காலில் நடக்க கிரேஹவுண்ட் விரைவில் கற்றுக்கொள்ளும். அறுவை வேண்டாம் என்றால் வலியைக் குறைக்கும் கதிர்வீச்சு, எலும்பு அரிப்பைக் குறைக்கும் சோலெட்ரோனேட் அல்லது பாமிட்ரோனேட் டிரிப், மேலே சொன்ன மாத்திரைகள் சேர்ந்து சில வாரம் முதல் சில மாதம் வரை கொண்டுபோகும். எலும்பு முறியும் அபாயம் கடைசி வரை இருக்கும். வெட்ட மனம் வரவில்லை என்று வலிக்கிற காலோடு நாட்களைக் கடத்துவது மட்டும் நாய்க்கு நல்லதல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. வலியை எடுத்துவிட வேண்டும். முடியாவிட்டால் விடைகொடுக்கும் நாளைக் குறிக்க வேண்டும்.

மயக்க மருந்து கிரேஹவுண்டுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?

ஆகாதது தயோபென்டால் என்ற பழைய மருந்து. இந்த இனத்தின் ஈரல் அதை மிக மெதுவாகத்தான் கரைக்கும். கொழுப்பும் குறைவு என்பதால் மயக்கம் பல மணி நேரம் தெளியாது. புரோபோஃபால் ஊசி கொடுத்து ஐசோஃபுளூரேன் வாயுவில் வைப்பது நடைமுறையில் உள்ள முறை. தெளிய மற்ற நாய்களைவிடச் சற்று நேரமாகும், அதுவரை உடலைச் சூடாக வைத்திருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஆபத்து அதற்குப் பிறகு வருவது. அறுவை அன்று எல்லாம் சரியாக இருக்கும். ஒன்றரை, இரண்டு நாள் கழித்துத் தையலைச் சுற்றி நீலம் பரவும், ரத்தம் கசியும். உறைந்த ரத்தம் இந்த நாய்களில் சீக்கிரமாகக் கரைந்துவிடுவதுதான் காரணம். வழக்கமான உறைதல் பரிசோதனையில் இது தெரியாது. அமினோகேப்ரோயிக் அமிலம் அல்லது டிரானெக்ஸாமிக் அமிலத்தை அறுவை நாளிலிருந்தே சில நாள் கொடுத்தால் பெரும்பாலும் தடுக்கலாம். அறுவைக்குத் தேதி வாங்கும்போதே இதைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நீலத்தின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டுக் காலையும் மாலையும் பாருங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினாலோ ஈறு வெளுத்தாலோ உடனே திரும்பப் போக வேண்டும்.

வேலியில உரசி தோல் பெருசா கிழிஞ்சிடுச்சு. முதல்ல என்ன செய்யணும்?

காகிதம் போல மெல்லிய தோல், உள்ளே கொழுப்பும் இல்லை. அதனால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு (தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன்) கரைத்து, தாராளமாக ஊற்றிக் கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் வேண்டாம், நல்ல திசுவையும் கொல்லும். தொங்கும் தோலை வெட்டாமல் இருந்த இடத்தில் படியவைத்து, ஒட்டாத துணி வைத்துத் தளர்வாகக் கட்டிவிட்டு, ஆறு மணி நேரத்துக்குள் தையலுக்குப் போய்விடுங்கள். தாமதமானால் தோல் காய்ந்து சுருங்கிவிடும்.

காலில் கட்டுப் போட்டால் நடு இரண்டு விரல்களின் நுனி வெளியே தெரிய வேண்டும். அந்த நகங்கள் ஒன்றைவிட்டொன்று விலகினால் உள்ளே வீங்குகிறது, கட்டு இறுக்கம். நனைந்த கட்டை அன்றே மாற்றுங்கள். நக்காமல் தடுக்க, நுனி மூடிய கூடை போன்ற வாய்ப்பூட்டு, கழுத்தில் மாட்டும் கூம்பைவிட இந்த நீண்ட கழுத்துக்குப் பொருந்தும்; அதைப் போட்டிருக்கும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

திடீர்னு தலை ஒரு பக்கம் சாஞ்சு, கண்ணு ஆடுது, நிக்கவே முடியல. முடிஞ்சுதா?

அந்த ஒரு மணி நேரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். வயதான நாய்களில் உட்காதின் சமநிலை உறுப்பு தடுமாறும்போது இப்படித்தான் இருக்கும். பார்க்க மரணம் போல இருந்தாலும் பெரும்பாலும் மூன்று நாளில் தேறத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் நடந்துவிடும். தலைச் சாய்வு கொஞ்சம் தங்கலாம். குமட்டலுக்கு மருந்து, சுற்றிலும் தலையணை, கையால் தண்ணீர் போதும்.

கண் மேலும் கீழுமாக ஆடுவது, ஒரு பக்கக் கால்கள் தளர்வது, பாதம் மடங்கி ஊன்றுவது, வலிப்பு ஆகியவை மூளையைக் குறிப்பவை. கிரேஹவுண்டில் உயர் ரத்த அழுத்தம் சகஜம் என்பதால், எப்படி இருந்தாலும் அதை அளந்துவிடுங்கள்.

பின்னங்கால் இழுத்துட்டு நடக்குது. வயசா, முதுகா, வேற ஏதாவதா?

இது மருத்துவர்களையும் குழப்பும் கேள்வி. எலும்புப் புற்றை எக்ஸ்ரேயில் விலக்கிய பிறகு மூன்று விஷயங்கள் மிஞ்சும். முதலாவது, முதுகெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் நரம்பு நெரிபடுவது. வாலைத் தூக்கினால் அல்லது அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கும், நடு நகங்கள் தேய்ந்திருக்கும், வண்டியில் ஏறத் தயங்கும். சிகிச்சையாக வலி மாத்திரை உண்டு, அந்த இடத்திலேயே போடும் ஸ்டீராய்டு ஊசியும் உண்டு. முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம் என்று போடுவது ஒரு முறை. மெலாக்சிகாம் போன்றவற்றை ஸ்டீராய்டோடு சேர்க்கக் கூடாது என்பதால், முன்னே சொன்ன மருந்து இடைவெளி இங்கே முக்கியம்.

இரண்டாவது, பின்னங்கால்களுக்குப் போகும் பெருந்தமனியில் ரத்தக்கட்டி. இந்த இனத்துக்கு இது வரக்கூடியது, ஆனால் முதுகு வலி என்று தவறாக எடுத்துக்கொள்ளப்படுவதும் நடக்கிறது. வித்தியாசம் நடையில் இருக்கிறது. புறப்படும்போது சரியாக இருக்கும், சில நிமிடத்தில் கால் தளரும், நின்று இளைப்பாறினால் தேறும். உள்தொடையில் விரல் வைத்துப் பாருங்கள். நாடி மங்கலாகவோ இல்லாமலோ இருந்தால், பாதம் குளிர்ந்திருந்தால், அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, தொண்டையும் கால்களும் சேர்ந்து தளரும் நரம்பு நோய். குரைப்பு கரகரக்கும், மூச்சில் இரைச்சல் கேட்கும். கழுத்துப் பட்டையை விட்டு மார்புப் பட்டைக்கு மாறுங்கள், வெயிலில் நடத்தாதீர்கள்.

எதுக்கெல்லாம் நடுராத்திரின்னாலும் கிளம்பணும்?

வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரிப்பது: ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும், காலை வரை தாங்காது. ஈறு வெளுப்பது, நாக்கு நீலமாவது, ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்பு, எலும்பு முறிவு, திடீரென்று பின்னங்கால் செயலிழந்து அலறுவது. மற்றவற்றில் பெரும்பாலானவை விடியும் வரை காத்திருக்கும்.

போதும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண். பத்து என்றால் மிக நல்ல நிலை; வலிக்குப் பத்து என்றால் வலி நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் வாழ்க்கை ஏற்கத்தக்கது. தினமும் ஒரே நேரத்தில், முடிந்தால் வீட்டில் இருவர் தனித்தனியாகப் போடுங்கள். ஆனால் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். வலிக்கு இரண்டு மதிப்பெண் என்றால், மற்ற ஆறும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது போதாது.

கிரேஹவுண்டின் வலி சத்தமில்லாதது. படுத்திருக்கும்போதே மூச்சிரைப்பது, நடுங்குவது, பக்கவாட்டில் நீட்டிப் படுக்காமல் இடம் மாறிக்கொண்டே இருப்பது, கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்குவது. எலும்புப் புற்று உள்ள நாய்க்கு, முறிவு நேரும் முன்பே நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முறிந்த காலோடு அவசரமாகக் கடைசிப் பயணம் போவதைவிடச் சில நாள் முந்துவது மேல்.

அந்த ஊசி போடும்போது என்ன நடக்கும்? நான் கூட இருக்கலாமா?

இருக்கலாம், உங்களால் முடியுமானால். முதலில் மயக்க ஊசி, 5 முதல் 15 நிமிடத்தில் ஆழ்ந்து உறங்கும். பிறகு ரத்தக்குழாய் வழியாக, உயிரை நிறுத்தும் மருந்தான பென்டோபார்பிட்டால். சில வினாடியில் நினைவு போகும், சில நிமிடத்தில் இதயம் நிற்கும். கண்கள் திறந்தே இருக்கும். நின்ற பிறகும் ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் போகலாம். அவற்றை நாய் உணர்வதில்லை. உடல் வற்றிய நாய்க்கு மயக்கத்துக்குப் பிறகு ரத்தக்குழாய் கிடைப்பது கடினமாகலாம். ஊசிக்குழாயை முன்கூட்டியே பொருத்தச் சொல்லலாம்.

புதைப்பதாக இருந்தால் உங்கள் பகுதியின் விதியைக் கேட்டுக்கொண்டு, நீர்நிலைக்குத் தள்ளி, ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் புதையுங்கள். அந்த மருந்து உடலில் நெடுங்காலம் தங்கும். தோண்டித் தின்னும் விலங்கும் இறந்துவிடும்.

கூட இருந்த இன்னொரு நாய் சாப்பிடவே மாட்டேங்குது. புதுசா ஒண்ணு கொண்டு வரலாமா?

உடனே வேண்டாம். முடிந்தால் இறந்த நாயின் உடலை முகர்ந்து பார்க்க விடுங்கள். சில நாய்கள் அதற்குப் பிறகு வாசலில் காத்திருப்பதை விட்டுவிடுகின்றன. நடை, உணவு, உறக்க நேரங்களை மாற்றாதீர்கள். பழைய படுக்கையை உடனே துவைக்க வேண்டாம். இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் துக்கம் என்று முடிவு கட்டாமல் பரிசோதித்துவிடுங்கள். அதுவும் வயதான கிரேஹவுண்டாக இருந்தால், இதுவரை மற்றதைப் பின்தொடர்ந்து நடந்ததில் அதன் கண் மங்கலோ கால் வலியோ மறைந்திருக்கலாம். அது பழையபடி சாப்பிட்டுத் தூங்கத் தொடங்கிய பிறகு புதிய நாயைப் பற்றி யோசிக்கலாம்.

முன்னாடியே கவனிச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமோ?

எலும்புப் புற்றுநோயைப் பொறுத்தவரை, காலை எடுப்பது பற்றிய கேள்வியில் சொன்னதுதான் பதில்: வீக்கம் கைக்குத் தட்டுப்படும் முன்பே நோய் பெரும்பாலும் பரவிவிட்டிருக்கும். இரண்டு வாரம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் வலியை இரண்டு வாரம் முன்னால் நிறுத்தியிருக்கலாம். ஆயுள் பெரிதாக நீண்டிருக்காது. இரைப்பை முறுக்கு, ரத்தக்கட்டி போன்றவற்றில் உடனே மருத்துவமனைக்குப் போனாலும் சில நாய்களைக் காப்பாற்ற முடிவதில்லை.

காரணம் தெரியாமல் மனம் ஆறாது என்றால் உடற்கூறாய்வு கேட்கலாம். அதை ஒரு நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். அதுவரை உடலை உறையவிடாமல் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும், உறைந்தால் திசு கெட்டுவிடும். மிஞ்சிய மருந்துகளை, முக்கியமாக வலி மாத்திரைகளை, மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த நாய்க்கு ஆகும் என்று எடுத்து வைக்க வேண்டாம்.